அச்சுறுத்தலும் திரைப்பட வெளியீடும்: ‘தி இன்டர்வியூ’ (2014) நிறுத்தப்பட்ட நிகழ்வில் தணிக்கையும் பொறுப்புடைமையும்

ஆய்வுச் சுருக்கம்

2014 டிசம்பர் 17 அன்று சோனி பிக்சர்ஸ் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் ‘தி இன்டர்வியூ’ என்னும் நகைச்சுவைத் திரைப்படத்தின் திரையரங்க வெளியீட்டைக் கைவிட்டது. அமெரிக்க அரசோ நீதிமன்றமோ தணிக்கை அமைப்போ அப்படத்தைத் தடைசெய்யவில்லை. பெயர் மறைத்த ஒரு குழுவின் மிரட்டலே படம் நிற்கப் போதுமானதாயிற்று. கருத்துரிமைக்கு வலுவான சட்டப் பாதுகாப்பு உள்ள ஒரு நாட்டில் இது எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. தயாரிப்பு நிறுவனம், திரையரங்குக் குழுமங்கள், சட்டப் பொறுப்புடைமை ஆகியன ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பில் இடர் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறியதே நிறுத்தத்திற்கு அடிப்படை என்பதும், வெளியீட்டு வழி மாறியபோது அப்பிணைப்பு தளர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: தணிக்கை, கருத்துரிமை, அச்சுறுத்தல், பொறுப்புடைமை, திரைப்பட விநியோகம், சோனி பிக்சர்ஸ்.

முன்னுரை

தணிக்கை என்றவுடன் அரசின் ஆணை, தணிக்கை வாரியத்தின் வெட்டு, நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை ஆகியனவே நினைவுக்கு வருகின்றன. இவை மூன்றிலும் ஆணையிட்டவர் யார் என்பது வெளிப்படை. அவ்வாணையை எதிர்த்து வழக்காடவும் இயலும். இவற்றினின்று வேறுபட்ட மற்றொரு வகையும் உண்டு. ஆணையிட்டவர் என்று எவரையும் சுட்ட இயலாத நிலையில் ஒரு படைப்பு மக்களைச் சென்றடையாமல் நின்றுவிடுவதே அவ்வகை. ‘தி இன்டர்வியூ’ திரைப்படத்தின் நிறுத்தம் இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நிகழ்வைப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் துணிவு, கோழைத்தனம் என்னும் இரு சொற்களுக்குள் அடங்கியது. நிறுவனம் பணிந்துவிட்டது என்று ஒரு சாராரும், உயிர்களைக் காத்தது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். முடிவெடுத்தோரின் மனவுறுதியை மட்டும் அளக்கும் இவ்விவாதம், அம்முடிவை எளிதாக்கிய அமைப்பைக் கருதவில்லை. அவ்வமைப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்வின் வரன்முறை

சேத் ரோகன், இவான் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் இணைந்து இயக்கிய இப்படத்தில் ஜேம்ஸ் ஃபிராங்கோவும் சேத் ரோகனும் நடித்திருந்தனர். வட கொரியத் தலைவர் கிம் ஜாங்-உன்னை நேர்காணச் செல்லும் தொலைக்காட்சித் தொகுப்பாளரையும் அவருடைய தயாரிப்பாளரையும், அத்தலைவரைக் கொல்லுமாறு அமெரிக்க உளவு நிறுவனம் பணிப்பதே கதை. கற்பனைத் தலைவர் ஒருவரைப் படைக்காமல், ஆட்சியில் இருக்கும் தலைவரையே அவருடைய பெயரோடு கொலையுறுபவராகக் காட்டியது இப்படத்தின் தனித்தன்மை. சர்ச்சைக்கு வித்திட்டதும் அதுவே.

2014 ஜூன் மாதத்தில் வட கொரிய அரசு இப்படத்தைப் போர்ச்செயலுக்கு ஒப்பானது எனக் கண்டித்தது. ஐக்கிய நாடுகள் அவையிலும் முறையிட்டது. அக்டோபர் மாதத்தில் வெளிவரவிருந்த படம் டிசம்பர் 25-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தலைவர் இறக்கும் காட்சியின் கடுமையைக் குறைக்குமாறு டோக்கியோவிலுள்ள தாய் நிறுவனத்தின் தலைவர் கசுவோ ஹிராய் வலியுறுத்தியதும், காட்சி ஓரளவு மாற்றப்பட்டதும் பின்னர் கசிந்த மின்னஞ்சல்களால் தெரியவந்தன. இம்மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியிடப்பட்டவை. வெளியிட்டோர் தம் நோக்கத்திற்கேற்பத் தேர்ந்தவை. ஆய்வாளர் இவற்றைச் சான்றாகக் கொள்ளும்போது இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

நவம்பர் 24 அன்று நிறுவனத்தின் கணினிகளில் மண்டையோட்டுப் படமும் எச்சரிக்கையும் தோன்றின. ‘அமைதியின் காவலர்கள்’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர் தரவுகளைக் கவர்ந்ததோடு கணினிகளையும் செயலிழக்கச் செய்தனர். வெளிவராத திரைப்படங்கள், ஊதிய விவரங்கள், மின்னஞ்சல்கள், ஏறத்தாழ 47,000 பேரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் ஆகியன வெளியிடப்பட்டன. நவம்பர் 21 அன்று நிறுவனத்தின் உயர் அலுவலர்களுக்கு வந்த முதல் மின்னஞ்சல் பணம் கேட்டதேயன்றிப் படத்தைக் குறிப்பிடவில்லை. படத்தை நிறுத்தும் கோரிக்கை டிசம்பர் 8 அன்றே வெளிப்படையாக எழுந்தது.

டிசம்பர் 16 அன்று வந்த செய்தி திரையரங்குகளையே குறிவைத்தது. 2001 செப்டம்பர் 11-ஐ நினைவூட்டிய அச்செய்தி, படம் காட்டப்படும் இடங்களை அணுகவேண்டாம் என மக்களை எச்சரித்தது. தாக்குதல் திட்டம் ஏதும் இருப்பதற்கான நம்பகமான உளவுத்தகவல் இல்லை என அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தெரிவித்தது. எனினும் கார்மைக் குழுமம் முதலில் விலகியது. நியூயார்க் நகரில் நிகழவிருந்த சிறப்புக் காட்சி கைவிடப்பட்டது. டிசம்பர் 17 அன்று ரீகல், ஏஎம்சி, சினிமார்க், கனடாவின் சினிப்ளெக்ஸ் ஆகிய குழுமங்களும் படத்தைத் திரையிடாமல் ஒதுங்கின. பெரும்பாலான திரையரங்குகள் விலகியதைக் காரணங்காட்டி அன்றே சோனி வெளியீட்டைக் கைவிட்டது.

முடிவெடுத்தோர் யார்?

டிசம்பர் 19 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, சோனி தவறிழைத்துவிட்டது என்றும், தம்மிடம் முன்பே பேசியிருக்கலாம் என்றும் கூறினார். தாங்கள் பணியவில்லை, திரையரங்குகளே படத்தைக் காட்ட மறுத்தன என நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் மைக்கேல் லிண்டன் விடையளித்தார். திரையரங்குகளுக்கும் ஒரு விடை இருந்தது. படத்தைத் திரையிடாமல் விலக விரும்பினால் தான் தடுக்கப்போவதில்லை எனச் சோனியே அவற்றிடம் முன்னர்த் தெரிவித்திருந்தது.

இவ்விடைகளை ஒருங்கே நோக்கும்போது ஒரு வட்டம் புலனாகின்றது. தயாரிப்பு நிறுவனம் முடிவைத் திரையரங்குகளிடம் விட்டது. திரையரங்குகள் விலகின. அவ்விலகலையே காரணமாகக் கொண்டு நிறுவனம் படத்தை நிறுத்தியது. ஒவ்வொரு தரப்பும் மற்றொன்றின் முடிவுக்கு இணங்கியதாகக் கூறிக்கொள்ள இடமிருந்தது. படத்தை நிறுத்தியவர் இன்னார் என ஒருவரைச் சுட்ட இயலவில்லை. பொருட்படுத்தத்தக்க செய்தி யாதெனில், இவ்வட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் பொருத்தமானதைச் செய்ததாகவே தோன்றுகின்றது. தனித்தனியே நோக்கினால் அறிவுடைமையாகத் தோன்றும் முடிவுகள் ஒன்றுசேர்ந்து, மிரட்டியவர் விரும்பிய விளைவைத் தந்தன.

வணிகச் சூழலும் இம்முடிவை விரைவுபடுத்தியது. கிறிஸ்துமஸ் வாரம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ஆண்டின் வருவாய் மிக்க காலங்களுள் ஒன்று. பல்திரை அரங்கு ஒன்றில் ஒரு திரையில் ஓடும் படத்தின் மீதான மிரட்டல், அடுத்த திரைகளில் ஓடும் படங்களின் பார்வையாளர்களையும் விலக்கிவிடும். அவ்வாரத்தில் குழந்தைகளுக்கான படங்கள் பல ஓடின. சோனியின் சொந்தத் தயாரிப்பான ‘ஆனி’ டிசம்பர் 19 அன்று வெளிவந்திருந்தது. அரங்குகள் பல வணிக வளாகங்களுக்குள் அமைந்தவையாதலால், அச்சம் கடைகளையும் பாதிக்கக்கூடும். ஒரு படத்திற்கு விடுக்கப்பட்ட மிரட்டலின் சுமை இவ்வாறு அப்படத்தோடு தொடர்பற்றோர் பலர்மீதும் படர்ந்தது.

சட்டப் பாதுகாப்பின் எல்லை

அமெரிக்காவில் திரைப்படம் கருத்துரிமைக்குள் அடங்கும் என்பது தொடக்கத்திலிருந்தே ஏற்கப்பட்டதன்று. 1915-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் திரைப்படத்தை வெறும் வணிகமாகவே கருதியது. 1952-இல் பர்ஸ்டின் எதிர் வில்சன் வழக்கில்தான் திரைப்படமும் அரசமைப்பின் முதல் திருத்தத்தால் காக்கப்படும் எனத் தீர்ப்பளித்தது. பொது வாழ்வில் உள்ளோரைக் கடுமையாக எள்ளி நகையாடும் அங்கதத்திற்கும் 1988-ஆம் ஆண்டின் ஹஸ்லர் எதிர் ஃபால்வெல் தீர்ப்பு இடமளித்தது. எனவே ‘தி இன்டர்வியூ’ படத்தை அமெரிக்க அரசு தடைசெய்ய முனைந்திருந்தால், அத்தடை நீதிமன்றத்தில் நிலைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆயினும் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. தனியார் நிறுவனம் தன் படத்தை வெளியிடாமல் இருப்பதையோ, திரையரங்கு ஒரு படத்தைக் காட்ட மறுப்பதையோ அது தடுப்பதில்லை. எதிர்ப்போரின் வன்முறைக்கு அஞ்சி அரசே பேச்சாளரின் வாயை அடைப்பதை அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் ‘கூச்சலிடுவோரின் தடையுரிமை’ எனக் குறிப்பர். அத்தகைய தடையுரிமைக்கு அரசு இடங்கொடுக்கலாகாது என்பது கருத்துரிமைச் சட்டத்தில் வலுப்பெற்ற கொள்கை. ஆனால் இங்கு அத்தடையுரிமை அரசின் வழியாகச் செயற்படவில்லை. சந்தையின் வழியாகச் செயற்பட்டது. அரண் ஒரு வாயிலில் இருக்க, மிரட்டல் மற்றொரு வாயில் வழியே நுழைந்தது.

பொறுப்புடைமை என்னும் அழுத்தம்

திரையரங்குகளின் விலகலை விளங்கிக்கொள்ள மற்றொரு சட்டத் துறையையும் நோக்குதல் வேண்டும். கொலராடோ மாநிலத்தின் ஆரோரா நகரில் 2012 ஜூலை 20 அன்று, ‘தி டார்க் நைட் ரைசஸ்’ திரைப்படத்தின் நள்ளிரவுக் காட்சியில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். அரங்கின் உரிமையாளரான சினிமார்க் நிறுவனத்தின் மீது பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். அத்தகைய தாக்குதலை முன்னறிய இயலாது, ஆதலால் வழக்கைத் தள்ளுபடி செய்க என்பது நிறுவனத்தின் வாதம். 2014 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தாக்குதல் முன்னறியத்தக்கதா என்பதை நடுவர் குழுவே தீர்மானிக்கட்டும் என வழக்கைத் தொடர அனுமதித்தது.

இம்முடிவு வந்து நான்கு மாதங்களில் ‘தி இன்டர்வியூ’ மீதான மிரட்டல் எழுந்தது. முன்னறிவிப்பின்றி நிகழ்ந்த தாக்குதலே முன்னறியத்தக்கதாக இருந்திருக்கலாம் என்று நீதிமன்றம் கருதும் நிலையில், எழுத்து வடிவில் வந்த மிரட்டலை அறிந்தும் படத்தைக் காட்டிய ஓர் அரங்கு, பின்னர்த் தீங்கு நேர்ந்தால், தான் அறியவில்லை என வாதிடுவது அரிது. தம் பார்வையாளரின் பாதுகாப்பில் உரிய கவனம் செலுத்தும் கடமை அரங்குகளுக்கு உண்டு. மிரட்டல் உண்மையாக மாறும் வாய்ப்பு மிகச் சிறிதாயினும், மாறினால் ஏற்படும் இழப்பு அளவற்றது. ஒரு படத்தால் கிடைக்கும் வருவாயோ வரையறைக்குட்பட்டது. இக்கணக்கில் விலகுவதே பாதுகாப்பான தெரிவாகின்றது.

பின்னர் 2016-இல் ஆரோரா வழக்கொன்றில் நடுவர் குழு சினிமார்க் நிறுவனம் பொறுப்பாகாது என முடிவு செய்தது. ஆனால் 2014 டிசம்பரில் அம்முடிவு எவருக்கும் தெரியாது. சட்டம் ஐயத்திற்கிடமாக இருக்கும் காலத்தில், மிரட்டலின் வலிமை அதன் உண்மைத்தன்மையைப் பொறுத்து அமைவதில்லை. அதனைப் புறக்கணித்தவர் பின்னர் விடைகூற நேரிடும் என்னும் அச்சத்தைப் பொறுத்தே அமைகின்றது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உறுதிமொழி போதாமற்போனதற்கு இதனை ஒரு விளக்கமாகக் கொள்ளலாம். அவ்வுறுதிமொழி அச்சத்தைக் குறைக்கும், பொறுப்புடைமையை நீக்காது.

முன்னைய நிகழ்வுகள்

அயல்நாட்டவரின் சினத்திற்கு அஞ்சிப் படங்களைக் கைவிடுவது அமெரிக்கத் திரைத்துறைக்குப் புதிதன்று. 1930-இல் வகுக்கப்பட்ட தயாரிப்பு நெறிமுறை, பிற நாடுகளின் வரலாற்றையும் தலைவர்களையும் நேர்மையாகச் சித்திரிக்க வேண்டும் என விதித்தது. ஆர்மீனியரின் எதிர்ப்புப் போரைக் கூறும் ‘மூசா தாக்கின் நாற்பது நாட்கள்’ புதினத்தைப் படமாக்கும் திட்டத்தை எம்ஜிஎம் நிறுவனம் துருக்கி அரசின் எதிர்ப்பால் 1930-களில் கைவிட்டது. ஆயினும் சார்லி சாப்ளின் 1940-இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தை வெளியிட்டார். அப்படத்தின் கொடுங்கோலர் ஹிட்லரை ஒத்தவர். எனினும் கற்பனைப் பெயர் கொண்டவர்.

1930-களின் நிகழ்வுகளில் அழுத்தம் தூதரகங்கள் வழியே நிறுவனத் தலைமைக்கு வந்தது. பிற்காலத்தில் அது திரையரங்கின் வாயிலுக்கு இடம்பெயர்ந்தது. 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றிப் பணயக்கைதிகளைப் பிடித்தோரின் கோரிக்கைகளுள், ‘முகம்மது, இறைத்தூதர்’ திரைப்படத்தை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது. படம் நிறுத்தப்பட்டு, முற்றுகை முடிந்தபின் மீண்டும் திரையிடப்பட்டது. 1988-இல் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ படத்தை யுனிவர்சல் நிறுவனம் எதிர்ப்பை மீறி வெளியிட்டது. அமெரிக்கக் குழுமங்கள் சில அதைத் திரையிட மறுத்தன. பாரிஸ் நகரில் அப்படம் ஓடிய செயின்ட் மிஷேல் அரங்கு தீக்கிரையாக்கப்பட்டுப் பலர் காயமுற்றனர். திரையரங்குகளின் அச்சம் அடிப்படையற்றதன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது. துணிவைப் போற்றுவோர் அத்துணிவின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். அதனைச் செலுத்துவோர் பெரும்பாலும் படைப்பாளரல்லர். நுழைவுச்சீட்டு கிழிப்பவரும் காட்சிக்கு வந்தவருமே ஆவர்.

மாற்று வழியும் எஞ்சிய இழப்பும்

நிறுத்தம் ஒரு வாரமே நீடித்தது. தனித்தியங்கும் சிறு திரையரங்குகள் பல படத்தைக் காட்ட முன்வந்தன. டிசம்பர் 23 அன்று குறைந்த அளவிலான வெளியீட்டைச் சோனி அறிவித்தது. டிசம்பர் 24 அன்று கூகுள் பிளே, யூடியூப், எக்ஸ்பாக்ஸ் ஆகிய தளங்களிலும் படத்திற்கெனத் தொடங்கப்பட்ட இணையதளத்திலும் 5.99 டாலர் வாடகைக்கும் 14.99 டாலர் விலைக்கும் படம் கிடைத்தது. மறுநாள் முந்நூறுக்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியாயிற்று. பெரிய குழுமங்கள் அப்போதும் சேரவில்லை. திரையரங்கிலும் இணையத்திலும் ஒரே வேளையில் படம் வெளிவருவதை அவை அக்காலத்தில் வணிக அடிப்படையில் ஏற்கவில்லை. ஏறத்தாழ 44 மில்லியன் டாலர் செலவில் உருவான படம், 2015 ஜனவரி இறுதிக்குள் இணையம் முதலிய வழிகளில் சுமார் 40 மில்லியன் டாலர் ஈட்டியது. அமெரிக்க, கனடியத் திரையரங்க வசூலோ சுமார் 6 மில்லியன் டாலர் மட்டுமே.

மிரட்டியோரின் நோக்கம் நிறைவேறாமற்போனதற்குச் சோனியின் மனமாற்றம் மட்டும் காரணமன்று. வீட்டில் தனித்தமர்ந்து படம் பார்ப்போரை நோக்கி வெடிகுண்டு மிரட்டல் விடுக்க இயலாது. அரங்கு, வளாகம், கூட்டம் என்னும் கண்ணிகள் நீங்கியதும் இடரைக் கைமாற்றும் சங்கிலி அறுந்தது. எனினும் இதனை முழு வெற்றியாகக் கொள்ளுதல் பொருந்தாது. இணைய வழி இருந்தமையாலேயே இப்படம் பிழைத்தது. மக்கள் ஒருங்கு கூடிப் பார்க்கும் பொதுவெளி மிரட்டலுக்கு எளிதில் ஆட்படும் என்பது மாறவில்லை.

வேறு இழப்புகளும் எஞ்சின. டிசம்பர் 17 அன்றே, வட கொரியாவைக் களமாகக் கொண்டு ஸ்டீவ் கரேல் நடிக்கவிருந்த ‘பியோங்யாங்’ படத்திட்டத்தை நியூ ரீஜென்ஸி நிறுவனம் கைவிட்டது. ‘தி இன்டர்வியூ’ படத்திற்கு மாற்றாக 2004-இல் வெளிவந்த ‘டீம் அமெரிக்கா’ படத்தைக் காட்டச் சில அரங்குகள் விரும்பியபோது, பாரமவுண்ட் நிறுவனம் இசைவளிக்கவில்லை. எடுத்த படம் ஒரு வாரத்தில் மீண்டது. எடுக்கப்படாத படம் மீளவில்லை. தனிப்பட்ட விவரங்களை இழந்த ஊழியர்கள் தொடுத்த வழக்கில் சுமார் 8 மில்லியன் டாலர் அளவில் இணக்கம் ஏற்பட்டது. அவர்களுள் பெரும்பாலோருக்கு அப்படத்தின் உருவாக்கத்தில் யாதொரு பங்கும் இல்லை.

தாக்குதலுக்கு வட கொரிய அரசே பொறுப்பு என அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை டிசம்பர் 19 அன்று அறிவித்தது. வட கொரியா அதனை மறுத்து, கூட்டு விசாரணைக்கு அழைத்தது. இணையப் பாதுகாப்பு வல்லுநர் சிலரும் அந்நாளில் ஐயம் எழுப்பினர். 2015 ஜனவரி 2 அன்று அமெரிக்கா புதிய தடைகளை விதித்தது; 2018 செப்டம்பரில் வட கொரிய நிரலாளர் ஒருவர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டது. அக்குற்றச்சாட்டையும் வட கொரியா மறுத்தது. குற்றவாளி யார் என்னும் வினாவிற்கான விடை, நிறுத்தத்தின் செயல்முறையை மாற்றுவதன்று. மிரட்டியவர் யாரென்று அறியும் முன்னரே அரங்குகள் விலகிவிட்டன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கருத்துரிமைச் சட்டம் அரசின் கையைக் கட்டுகின்றது. ஆனால் படைப்பை மக்களிடம் கொண்டுசேர்க்கும் தனியார் சங்கிலியின் கண்ணிகளை அது வலுப்படுத்துவதில்லை. இரண்டாவதாக, மிரட்டல் வெற்றிபெற அனைவரும் அஞ்சவேண்டியதில்லை. ஒவ்வொருவரும் பொறுப்பை அடுத்தவரிடம் கைமாற்ற வழியிருந்தாலே போதும். மூன்றாவதாக, பார்வையாளரின் பாதுகாப்பிற்காக ஏற்பட்ட பொறுப்புடைமைச் சட்டம், நன்னோக்கம் உடையதாயினும், மிரட்டல் நேரத்தில் மிரட்டுவோருக்கு அறியாமலே துணைபோகக்கூடும்.

ஆகவே இத்தகைய நிகழ்வுகளில் நிறுவனம் துணிந்திருக்க வேண்டுமா என்று வினவுவது போதாது. துணிபவர் ஏற்கும் இடரை யார் பகிர்ந்துகொள்வது என்பதே வினவத்தக்கது. மிரட்டலுக்கு உள்ளான அரங்குகளுக்குக் காவல் அளிப்பதும், உரிய முன்னெச்சரிக்கையோடு திரையிட்ட அரங்கின் பொறுப்புடைமைக்குச் சட்டம் வரம்பு கட்டுவதும், இழப்பை அரசோ காப்பீடோ பகிர்ந்துகொள்வதும் எண்ணிப் பார்க்கத்தக்க வழிகள். இவற்றுள் எதுவும் இல்லாத நிலையில், கருத்துரிமையைக் காக்கும் சுமை முழுவதையும் ஒரு திரையரங்க மேலாளரின் தோளில் ஏற்றிவிட்டு, அவர் அதனை இறக்கிவைத்தபோது கோழை எனப் பழிப்பது நடுநிலையாகாது.